காவடி என்ற சொல்லை எப்படிக் கற்பது

மொரீஷியசின் அரசு விடுமுறைப் பட்டியலில் ‘தைப்பூசம் காவடி’ என்று ஒரு நாள் இருக்கிறது. கிரியோலில் பேசி, பிரெஞ்சில் படித்து, தமிழைப் பள்ளியிலோ கோயில் வகுப்பிலோ எழுத்துக்கூட்டிக் கற்கும் நம் தீவுத் தமிழருள் இந்தச் சொல்லைக் கேட்டிராதவர் எவருமில்லை. அதனால்தான் இதைக் கற்பிப்பது கடினமாக இருக்கிறது. தெரியாத சொல்லை ஒருவர் அகராதியில் தேடுவார். தெரிந்த சொல்லை யாரும் தேடுவதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் என் மாலை வகுப்பில், இரண்டு குழந்தைகளுக்குத் தாயான ஒரு மாணவி, ‘நான் அடுத்த வாரம் காவடி செய்கிறேன்’ என்று பயிற்சி ஏட்டில் எழுதியிருந்தார். கிரியோலில் விரதத்துக்கு ‘ஃபேர் கரேம்’ (நோன்பு செய்தல்) என்று சொல்லிப் பழகிய நாவுக்கு எல்லாவற்றையும் ‘செய்ய’த் தோன்றுவது இயல்பே. ஆனால் தமிழ்நாட்டில் ஒருவர் இந்த வாக்கியத்தைப் படித்தால், அவர் மரமும் மூங்கிலும் வாங்கி வைத்துக் காவடிகளை உருவாக்கி விற்பவர் என்றே நினைத்துக்கொள்வார். பிழை இலக்கணத்தில் இல்லை. வாக்கியம் முழுவதும் இலக்கணப்படி சரியானது. ஒரு சமயச் சொல்லைப் பெயராக மட்டும் அறிந்து, அது எந்த வினையோடு கூடி வாழ்கிறது என்பதை அறியாமல் விட்டதுதான் குறை. ஆகவே, கோயில் சார்ந்த எந்தச் சொல்லைக் கற்கத் தொடங்கினாலும் ‘இதன் பிரெஞ்சுச் சொல் என்ன?’ என்று கேட்பதற்கு முன் ‘இதன் வினை என்ன?’ என்று கேட்குமாறு என் மாணவர்களிடம் சொல்லிவருகிறேன். காவடியை எடுத்துக்காட்டாக வைத்து அந்த முறையை இங்கே விளக்குகிறேன்.

முதலில் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதி, வாய்விட்டுப் படிக்க வேண்டும். நம் நாட்டில் இச்சொல் ரோமன் எழுத்தில் எழுதப்படும் முறை, நெடிலாக ஒலிக்க வேண்டிய முதல் எழுத்தைக் குறிலாகவும், குறிலாக முடிய வேண்டிய கடைசி எழுத்தை நெடிலாகவும் காட்டிவிடுகிறது. அந்த எழுத்துக்கூட்டலைப் பார்த்துப் படிப்பவர் ‘கவடீ’ என்கிறார். ‘கவடி’ என்று குறிலில் தொடங்கும் சொல் தமிழில் தனியாக உண்டு. அது பலகறையை, அதாவது சோழியைக் குறிக்கும். முருகனுக்குச் சோழி எடுத்துச் செல்வதாக யாரும் பொருள் கொள்ளப்போவதில்லை என்றாலும், குறில் நெடில் மாறினால் சொல்லே மாறிவிடும் என்பதைக் காட்ட இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைக்கவில்லை. அடுத்தது ‘டி’. பிரெஞ்சு பழகிய நாக்கு பற்களைத் தொட்டு ‘காவதி’ என்பதற்கு நெருக்கமாக ஒலிக்கும். நாக்கின் நுனியை மேலண்ணத்தை நோக்கி மடக்கி, அழுத்தாமல் மெல்லத் தொட்டுவிட்டால் போதும். ‘வீடு’, ‘பாடு’, ‘ஆடு’ என்று பத்து முறை சொல்லிவிட்டுக் ‘காவடி’ என்று சொல்லிப் பாருங்கள். ஒலி தானாக இடத்தில் அமரும்.

இனிச் சொல்லைப் பிரிக்கலாம். தமிழில் ‘காவுதல்’ என்றொரு பழைய வினை உண்டு. தோளில் சுமத்தல் என்பது அதன் பொருள். ‘கா’ என்பது சுமை தொங்கவிடும் தண்டுக்கே பெயராகவும் வழங்கியது. தோளில் வைத்துச் சுமக்கும் தடி ஆதலால் ‘காவுதடி’; காவடி அதனோடு உறவுடைய சொல். புறநானூற்றின் 206ஆம் பாட்டில் இந்த வினையை நேரில் காணலாம். அதியமான் நெடுமான் அஞ்சி பரிசில் தரக் காலந்தாழ்த்தியபோது ஔவையார் வாயிற்காவலனிடம் சினந்து பாடியது அது. ‘காவினெம் கலனே, சுருக்கினெம் கலப்பை’ என்கிறார். எங்கள் இசைக்கருவிகளைத் தோளில் தூக்கிக்கொண்டோம், பையைக் கட்டிக்கொண்டோம், புறப்படுகிறோம் என்பது கருத்து. இந்த அடியில் ‘கலப்பை’ என்பது ஏர்க்கலப்பை அன்று. கலங்களை இட்டுவைக்கும் பை. இரண்டு சொற்களில் ஒன்று பொருள் மாறிப் போக, மற்றொன்று பொருளைக் காத்துக்கொண்டு கோயிலுக்குள் வந்து சேர்ந்திருக்கிறது.

பழைய வினை என்றேன். ஆனால் அது எல்லா இடத்திலும் பழையதாகிவிடவில்லை. இலங்கைத் தமிழர் இன்றும் ஒரு மூட்டையைக் ‘காவிக்கொண்டு’ போவார்கள். கொசுவைப் போல நோயைச் சுமந்து பரப்பும் உயிரினத்தை அங்குள்ள பாடநூல்கள் ‘நோய்க்காவி’ என்று குறிக்கின்றன. காவடியும் நோய்க்காவியும் ஒரே வேரில் பிறந்தவை என்று அறிந்த பிறகு, காவடி என்பது அடிப்படையில் ஒரு சுமை என்பதை மாணவர் எவரும் மறந்து நான் பார்த்ததில்லை. இங்கே ஓர் எச்சரிக்கை. ‘கா’ என்பதற்குச் சோலை என்ற பொருளும் உண்டு, ‘காப்பாற்று’ என்ற பொருளும் உண்டு. ‘காவு கொடுத்தல்’ என்பதில் காவு பலியைக் குறிக்கும். ‘காக்கும் அடி, அதாவது முருகன் திருவடி’ என்று காவடிக்குச் சிலர் விளக்கம் சொல்லக் கேட்டிருக்கிறேன். பக்தியோடு சொல்லப்படும் அழகான விளக்கம்தான். சொற்பொழிவில் அது இருந்துவிட்டுப் போகட்டும், ஏட்டில் எழுத வேண்டாம். தோளில் சுமக்கும் தண்டு என்ற பொருளே இச்சொல்லின் எல்லா வழக்குகளுக்கும் பொருந்துகிறது.

இந்தப் பொருளை நம் தீவிலேயே சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. மகா சிவராத்திரிக்கு முந்தைய நாள்களில் நாட்டின் எல்லாத் திசைகளிலிருந்தும் மக்கள் வெள்ளை உடுத்திக் கிராண்ட் பாசேன் ஏரிக்கு நடந்து போவதைப் பார்க்கிறோம். அவர்கள் தோளில் சுமந்து செல்லும் அலங்கரித்த அமைப்புக்குக் ‘கன்வர்’ என்று பெயர். வட இந்தியாவில் கங்கை நீரைச் சுமக்கும் தோள்தண்டு அது. தண்டின் இரு முனையிலும் கலம் தொங்க, நீரையோ பாலையோ சிந்தாமல் தெய்வத்திடம் கொண்டு சேர்ப்பது என்ற ஒரே செயல், இங்கே காவடி என்றும் அங்கே கன்வர் என்றும் பெயர் பெறுகிறது. பக்கத்து வீட்டாருக்குக் காவடியை விளக்க வேண்டி வந்தால் இந்த ஒப்புமையிலிருந்து தொடங்கலாம். ‘அலகு குத்திக்கொள்வது’ என்று தொடங்கினால் கேட்பவர் அதோடு நின்றுவிடுவார், காவடிக்கு வரவே மாட்டார்.

சொல்லின் எலும்பு தெரிந்த பிறகு கதையைக் கேட்க வேண்டும், ஏனெனில் பல வழக்குகள் கதையிலிருந்து பிறந்தவை. அகத்தியர் சிவகிரி, சக்திகிரி என்னும் இரு குன்றுகளைத் தெற்கே கொண்டுவருமாறு இடும்பனைப் பணித்தார். இடும்பன் ஒரு தண்டின் இரு முனையிலும் பாம்புகளைக் கயிறாக்கிக் குன்றுகளைத் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து வந்தான். பழனி அருகே களைப்பாறச் சுமையை இறக்கியவனால் மீண்டும் எடுக்க முடியவில்லை. குன்றின் மேல் ஒரு சிறுவன் நின்று, குன்று தனக்கே உரியது என்றான், சண்டை மூண்டது, இடும்பன் வீழ்ந்தான், பின்பு முருகன் அருளால் உயிர்பெற்று, தன்னைப் போலத் தோளில் சுமை தாங்கி வருவோருக்கு அருள வேண்டும் என்றும், தான் வாயிற்காவலனாக நிற்க வேண்டும் என்றும் வரம் கேட்டான். பழனி மலைப்படிகளில் ஏறுவோர் இடையில் இடும்பன் சந்நிதியைக் காண்பது இதனால்தான். இந்தக் கதையில் ‘இறக்கு’, ‘எடு’ என்ற இரு வினைகளைக் கவனியுங்கள். காவடி வழக்குகள் அனைத்தும் இந்த இரண்டுக்கும் இடையில்தான் நடக்கின்றன.

இப்போது வினைகளுக்கு வருகிறேன். இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும்.

வேண்டுதலை மனத்தில் ஏற்பதற்குக் ‘காவடி நேர்ந்துகொள்ளுதல்’ என்று பெயர். மரத்தையும் மூங்கிலையும் வளைத்துப் பூவும் மயிற்பீலியும் சூட்டி அமைப்பதற்குக் ‘காவடி கட்டுதல்’; என் மாணவி எழுதிய ‘செய்கிறேன்’ உண்மையில் இந்த இடத்துக்கு உரியது. நேர்த்திக்கடனாகச் சுமந்து செல்வது ‘காவடி எடுத்தல்’. ‘காவடி தூக்குதல்’ என்றும் பேச்சில் சொல்வார்கள். மேளத்துக்கு ஏற்பக் காவடியோடு சுழன்று ஆடுவது ‘காவடி ஆடுதல்’. அந்தக் கலை ‘காவடியாட்டம்’, அதற்குரிய பாட்டு வகை ‘காவடிச் சிந்து’. சந்நிதியை அடைந்து கடனை நிறைவேற்றுவது ‘காவடி செலுத்துதல்’. தோளிலிருந்து சுமையை விடுவிப்பது ‘காவடி இறக்குதல்’. ‘கீழே வைத்தார்’ என்று சொன்னால் பொருள் புரியும், ஆனால் கோயில் வாசனை இருக்காது.

இவற்றுள் மிக நுட்பமானது வேற்றுமை உருபு வரும் இடம். ‘அண்ணன் காவடி எடுத்தார்’ என்பதும் ‘அண்ணன் காவடியை எடுத்தார்’ என்பதும் ஒன்றல்ல. முதல் வாக்கியத்தில் அவர் விரதம் இருந்து, ஊர்வலத்தில் நடந்து, நேர்த்திக்கடனை நிறைவேற்றினார். இரண்டாவதில், மூலையில் சாய்த்து வைத்திருந்த ஒரு குறிப்பிட்ட காவடியைக் கையால் எடுத்தார்; ஒருவேளை மழை வந்ததால் உள்ளே கொண்டு வைத்திருப்பார். ‘ஐ’ உருபு மறைந்து நிற்கும்போது பெயரும் வினையும் கலந்து ஒரே செயலாகிவிடுகின்றன. ‘மொட்டை போட்டார்’, ‘தீ மிதித்தார்’, ‘அலகு குத்தினார்’ எல்லாம் இப்படிப்பட்டவையே. பிரெஞ்சு வழியாகச் சிந்திப்பவருக்கு இந்த வேறுபாடு எளிதில் பிடிபடாது. ஆகையால் ஏட்டில் இரு பத்தி வரைந்து, ஒரு பக்கம் ‘காவடி’ வரும் வாக்கியங்களையும் மறு பக்கம் ‘காவடியை’ வரும் வாக்கியங்களையும், கேட்கக் கேட்கக் குறித்துக்கொள்ளுங்கள். இருபது வாக்கியம் சேர்ந்ததும் விதியை நானோ நூலோ சொல்லித் தர வேண்டியிராது.

எண்ணிக்கைக்கும் ஒரு வழக்கு உண்டு. ‘இது எனக்கு மூன்றாவது காவடி’ என்று ஒருவர் சொன்னால் வீட்டில் மூன்று காவடி இருக்கிறது என்பதல்ல பொருள். மூன்றாம் முறையாக வேண்டுதலை நிறைவேற்றுகிறார். பெரியவர்களிடம் பேச்சைத் தொடங்க ‘ஐயா, இது உங்களுக்கு எத்தனையாவது காவடி?’ என்பதைவிட நல்ல கேள்வி இல்லை. கேட்டுவிட்டு ஏட்டைத் திறந்து வைத்துக்கொண்டால் போதும், மற்றதை அவர் பார்த்துக்கொள்வார்.

அடைமொழிகளை ஒரே மூச்சில் கற்றுவிடலாம். சுமப்பது எதுவோ, அலங்காரம் எதுவோ, அது முன்னே வரும்: பால்காவடி, பன்னீர்க் காவடி, சந்தனக் காவடி, தீர்த்தக் காவடி, பூக்காவடி, மயில்காவடி, அலகுக் காவடி. இலக்கணப்படி ‘பாற்காவடி’ என்று எழுத வேண்டும் என்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வது சரிதான், ஆனால் கோயில் ரசீதிலும் வாய்ப்பேச்சிலும் ‘பால்காவடி’ நிலைத்துவிட்டது. பொது எழுத்தில் நான் ‘பால்காவடி’ என்றே எழுதுகிறேன். நம் ஊரில் காவடி என்றாலே பெரும்பாலும் அடிமரத்தின் இரு முனையிலும் பால்செம்பு கட்டியிருக்கும். ஆகவே அடைமொழி இல்லாத காவடியை இங்கே பால்காவடி என்றே கொள்ளலாம்.

இனி, தீவில் மட்டும் ஏற்பட்டிருக்கும் பொருள் மாற்றத்தைச் சொல்ல வேண்டும். இங்கே ‘காவடி’ என்பது பொருளின் பெயராக மட்டுமன்றித் திருநாளின் பெயராகவும் ஆகிவிட்டது. ‘காவடிக்கு விடுமுறை’, ‘காவடி முடிந்து பள்ளி திறக்கும்’ என்று சொல்கிறோம். தமிழ்நாட்டில் அந்த நாளுக்குப் பெயர் தைப்பூசம். தை மாதத்துப் பூச நட்சத்திர நாள். காவடி அந்த நாளுக்கு மட்டும் உரியதும் அன்று. பங்குனி உத்திரத்துக்குக் கொடுமுடியிலிருந்து காவிரித் தீர்த்தத்தைக் காவடியில் சுமந்து பழனிக்கு நடப்பவர்கள் உண்டு. ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணியில் பூக்காவடிகள் குவியும். நம் வழக்கைப் பிழை என்று நான் சொல்லமாட்டேன். நூற்றாண்டுகளாகக் கடல் கடந்து வாழும் ஒரு சமூகம் தன் ஆண்டின் மிகப் பெரிய நாளுக்கு, அந்நாளில் தோளில் ஏறும் சுமையின் பெயரையே வைத்தது என்றால் அதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் எந்த வாசகருக்கு எழுதுகிறோம் என்று தெரிந்து எழுத வேண்டும். காத்ர் போர்னில் இருக்கும் அத்தைக்குக் ‘காவடிக்கு வருகிறேன்’ என்று எழுதலாம். மதுரையில் இருக்கும் நண்பருக்குத் ‘தைப்பூசத்துக்கு வருகிறேன், காவடி எடுக்கிறேன்’ என்று எழுத வேண்டும்.

மறுபுறம், தமிழ்நாட்டு இதழ்களில் இச்சொல்லுக்கு ஒரு கேலிப் பொருளும் உண்டு. ‘அமைச்சர் மீண்டும் டெல்லிக்குக் காவடி எடுத்தார்’ என்ற செய்தியைப் படித்துவிட்டு, டெல்லியிலும் முருகன் கோயில் திருவிழாவா என்று ஒரு மாணவர் மகிழ்ச்சியோடு கேட்டார். காரியம் ஆக வேண்டி ஒருவரிடம் திரும்பத் திரும்பப் போய் இறைஞ்சுவது என்பது அதன் பொருள். ‘அவருக்குக் காவடி தூக்குகிறான்’ என்றால் அவர் புகழைப் பாடிப் பின்னால் திரிகிறான் என்று பொருள். கேலி முழுவதும் ‘அவருக்கு’ என்ற நான்காம் வேற்றுமையில் இருக்கிறது. முருகனுக்கு எடுத்தால் வழிபாடு. மனிதருக்குத் தூக்கினால் முகத்துதி. இதை அறிந்துவைத்துக்கொள்ளுங்கள், பேச்சில் பயன்படுத்த அவசரப்பட வேண்டாம்.

அகராதியை இத்தனைக்கும் பிறகு திறப்பதே நல்லது. சொல்லின் பழைய பொருளையும் வேரையும் அறிய, சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் லெக்சிகன் உதவும். இன்று எந்த வினையோடு வழங்குகிறது என்று பார்க்க, 1992இல் முதற்பதிப்புக் கண்ட க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி மேல். அதில் எடுத்துக்காட்டு வாக்கியங்கள் இருக்கின்றன. இரண்டு பதிவுகளையும் அருகருகே வைத்துப் படிக்க வேண்டும். மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் தமிழ் பயில்வோர் இவற்றை அங்கே கேட்டுப் பார்க்கலாம்.

ஒரு சொல்லைத் தனியாகப் பிடித்து வைத்தால் அது தங்காது. அதன் சுற்றத்தையும் சேர்த்துப் பழக வேண்டும். காவடியின் சுற்றத்தில் முதன்மையானது விரதம். ‘கரேம்’ என்பது கத்தோலிக்கரின் நோன்புக்காலத்துக்குரிய பிரெஞ்சுச் சொல். கிரியோலில் அது எல்லோருடைய நோன்புக்கும் பொதுவாகிவிட்டது. தமிழில் விரதத்தைச் ‘செய்வதில்லை’, விரதம் ‘இருக்கிறோம்’. கொடியேறிய நாள் முதல் பத்து நாள் ஒரு நிலையில் நிலைத்திருப்பதை அந்த ‘இரு’ காட்டுகிறது. அடுத்தது காப்பு. அதைக் ‘கட்டிக்கொள்கிறோம்’, விழா முடிந்ததும் ‘அவிழ்க்கிறோம்’. அலகைக் ‘குத்திக்கொள்கிறோம்’. ‘அரோகரா’ என்பதைச் ‘சொல்வது’ குறைவு. ‘அரோகரா போடுவது’ என்பதே கோயில் வழக்கு, அதுவும் ஒருவர் ‘வெற்றிவேல் முருகனுக்கு’ என்று எடுத்துக்கொடுக்க மற்றவர் சேர்ந்து போடுவது. விரதம் முடிந்து வாழையிலையில் ஏழு கறியோடு உண்பதற்கு மட்டும் நாம் கிரியோல் பெயரையே வைத்திருக்கிறோம். பசி வேளையில் மொழிபெயர்ப்பை யாரும் விரும்பமாட்டார்கள் போலும்.

கடைசிப் பாடம் வகுப்பறையில் இல்லை. கோர் தெ கார்த் மலைச் சரிவில் இருக்கும் முருகன் கோயிலுக்கோ உங்கள் ஊர்க் கோயிலுக்கோ தைப்பூசத்தன்று காலையில் போங்கள். ஆற்றங்கரையில் காவடிகள் வரிசையாக நிற்கும்போதே போய்விட வேண்டும். சனவரி பிப்ரவரி வெயிலில் தார் கொதிக்கத் தொடங்கிய பிறகு யாருக்கும் உங்கள் ஐயங்களைத் தீர்க்கப் பொறுமை இராது. ஒலிபெருக்கியில் வரும் தமிழ் அறிவிப்புகளைக் கவனியுங்கள். புறப்படும் இடத்தில் ‘எடுங்கள்’ என்பார்கள். வழியில் ‘ஆடுங்கள்’ என்பார்கள். கோயில் வாசலில் ‘இறக்குங்கள்’ என்பார்கள். ஒவ்வொரு வினையையும் அது சொல்லப்பட்ட இடத்தோடு சேர்த்து ஏட்டில் எழுதுங்கள். காவடி சுமப்பவரிடம் அப்போது எதையும் கேட்க வேண்டாம். அவருக்குத் துணையாகத் தண்ணீர்ச் செம்போடு நடக்கும் உறவினரிடம் கேளுங்கள். அவர் கிரியோலில் பதில் சொன்னாலும் பெயர்ச்சொற்கள் தமிழில் வரும். வினைகளை நீங்கள் இட்டு நிரப்பி, சரிதானா என்று கோயில் குருக்களிடம் காட்டலாம்.

அந்த மாணவி அடுத்த ஆண்டு எழுதிய வாக்கியம் என் ஏட்டில் இருக்கிறது: ‘மகனுக்காக நேர்ந்துகொண்டேன்; பத்து நாள் விரதம் இருந்து காவடி எடுத்தேன்; காவடியை மாமா கட்டிக் கொடுத்தார்.’ அதில் நான் திருத்தியது எதுவுமில்லை.